மனசுக்குப் போட்ட மார்க்

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மனச்சோர்வு இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ள மொபைலில் ஒன்பது கேள்வி, பத்துக் கேள்வி என்று தாள் வருகிறது. டிக் அடித்து முடித்தால் கடைசியில் ஒரு எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். மனநல மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். கடைசியாக வந்த கடிதத்தை முதலில் போடுகிறோம். ஏன் என்பது படித்தாலே தெரியும்.

*

ஒன்பது கேள்வித் தாளில் எனக்கு மொத்தமே 6தான் வந்தது. 'லேசானது' என்று காட்டியது. ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் 1 போட்டிருக்கிறேன். லேசானது என்றால் விட்டுவிடலாம்தானே?
– பெயர் வேண்டாம், அரூர்

விட வேண்டாம். அந்த ஒன்பதாவது கேள்வியை மற்ற எட்டோடு கூட்டிப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. 'செத்துப்போனால் தேவலை என்றோ, என்னை நானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்தது' என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு 0 தவிர எது போட்டாலும், மொத்தம் 6 ஆக இருந்தாலும் 26 ஆக இருந்தாலும், ஒரு மனிதர் உங்கள் எதிரே உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

ஏனென்றால் அந்த ஒரே வரியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. 'இந்தக் கஷ்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நிம்மதி' என்று அலுப்பில் தோன்றுவது ஒன்று. எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடுவது வேறு. தாளில் இரண்டுக்கும் அதே 1தான் விழும். எது என்று தாளுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கும் விஷயமும் இல்லை இது. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 'எனக்கு இப்படி நினைப்பு வருது, கூட இரு' என்றால் போதும், விளக்க வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவிச் சேவை. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வழி, நேரம் என்று யோசனை போகிறது என்றால் தனியாக இருக்க வேண்டாம். 108ஐ அழைத்தோ, யாரையாவது கூட்டிக்கொண்டோ அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் கொல்லைக்கு அடிக்கும் மருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் வேறொருவர் எடுத்துப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளட்டும். இந்த எண்ணம் பல பேருக்கு அலைபோல வந்து வடிகிறது. வடியும்வரை கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கிறது.

'சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பயம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. எண்ணத்தைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சியைக்கூட, கடும் மன அழுத்தத்தில் செய்தது என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த வடிவில் இல்லை. தாராளமாகச் சொல்லலாம்.

*

எனக்கு 52 வயது. தக்காளி போட்டிருக்கிறேன். மகள் காலேஜில் ஏதோ தாள் கொடுத்தார்கள் என்று எனக்கும் கேட்டு டிக் அடித்தாள். 14 வந்தது. 'மிதமான மனச்சோர்வு' என்று போட்டிருந்தது. தூக்கம் 3, அசதி 3, பசி 2, கவனம் 2, மற்ற நான்குக்கு ஒவ்வொன்று, கடைசிக்கு 0. ராத்திரி கரண்ட் வரும்போது மோட்டார் போட எழுந்து போகிறேன். அதுபோக மூன்று நான்கு தடவை ஒன்றுக்குப் போக எழுகிறேன். எனக்கு என்ன, மூளையில் கோளாறா?
– வாசகர், பாலக்கோடு

மொத்தத்தை மட்டும் எழுதாமல் எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் இப்படி எழுதினால் எங்கள் வேலை பாதி குறையும்.

உங்கள் மகள் கேட்டது பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள். அமெரிக்காவில் ஸ்பிட்சர், வில்லியம்ஸ், குரோங்கே ஆகியோர் உருவாக்கி 2001இல் வெளியிட்டது. பொது மருத்துவர்கள் சளி, காய்ச்சலுக்கு வருபவர்களிடம்கூட மனச்சோர்வு இருக்கிறதா என்று விரைவாகச் சலித்துப் பார்க்கச் செய்த தாள் அது. காசு கிடையாது, தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5க்குக் கீழே பொருட்படுத்த வேண்டியதில்லை. 5 முதல் 9 லேசானது, 10 முதல் 14 மிதமானது, 15 முதல் 19 சற்றுக் கடுமையானது, 20க்கு மேல் கடுமையானது. 10தான் வாசற்படி. அதைத் தொட்டாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று பொருள். நோய் என்று அல்ல.

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாலில் தண்ணீர் இருக்கிறதோ என்று சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். யார் ஊற்றினார், ஏன் ஊற்றினார் என்று சொல்லாது. கறந்த சூட்டோடு போட்டால் குறைத்தே காட்டும். அதற்காக யாரும் பாலைக் கீழே கொட்டுவதில்லை, வேறு சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

இப்போது உங்கள் 14ஐப் பிரிப்போம். தூக்கம், அசதி, பசி மூன்றும் சேர்ந்து 8. பாதிக்கு மேல் உடம்புக் கேள்விகளிலிருந்தே வந்திருக்கிறது. மனச்சோர்வின் அடித்தளம் என்று நாங்கள் பார்ப்பது முதல் இரண்டு கேள்விகள்: 'எதிலும் ஆர்வம், சந்தோஷம் இல்லை', 'மனசு சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறது'. இந்த இரண்டு மட்டும் கூட்டி 3 வந்தால்தான் அழுத்தமான சந்தேகம். உங்களுக்கு 2. இதே 14 இன்னொருவருக்கு முதல் இரண்டிலும் மும்மூன்று, தன்மேல் குற்ற உணர்வு 3 என்று வந்திருக்கலாம். எண் ஒன்று, கதை வேறு.

ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுவது, அசதி இரண்டையும் பார்த்தால் முதலில் தோன்றுவது சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் இதே அசதி, இதே கவனக்குறைவு, இதே மந்தத்தைக் காட்டும். தாளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ராத்திரி மோட்டார் போட எழுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கம் வராமல் விழிப்பது வேறு, தூங்க விடாமல் எழுப்பப்படுவது வேறு.

டிக் அடிக்கும்போது பலரும் தவறுவது இங்கேதான்: எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நினைத்து 3 போடுகிறார்கள். தாள் கேட்பது கஷ்டத்தின் அளவை அல்ல, நாட்களை. கடந்த 14 நாளில் எத்தனை நாள்? ஒரு நாள் இருந்தாலோ, இல்லவே இல்லை என்றாலோ 0. இரண்டு முதல் ஆறு நாள் 1. ஏழு முதல் பதினொன்று 2. பன்னிரண்டுக்கு மேல் 3. காலண்டரை எதிரே வைத்துக்கொண்டு எண்ணுங்கள். மண்டியில் விலை விழுந்து கூடையோடு திரும்பிய நாளின் சாயங்காலம் போட்டால் எல்லாமே 3 ஆகத்தான் தெரியும். துக்க வீடு நடந்து பதினைந்து நாளுக்குள் போட்டாலும் அப்படித்தான்.

ஒன்று மட்டும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தால், 'அப்பாடா, ஒன்றுமில்லை' என்று தாளைக் கிழித்துப் போடாதீர்கள். நம் ஊர் ஆண்கள் பலருக்கு மனச்சோர்வு 'மனசு சரியில்லை' என்று வராது. உடம்பு வலி, எரிச்சல், 'களி இறங்கமாட்டேங்குது' என்றுதான் வரும். இரண்டு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். அப்போதும் 10க்கு மேல் என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

மூளைக் கோளாறா என்று கேட்டீர்கள். 14ஐ வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

*

கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. 21 கேள்வி உள்ள ஒரு தாளில் மனச்சோர்வுக்கு 11 வந்தது. 'லேசானது' என்றது நான் பார்த்த அட்டவணை. ரூம்மேட் அதையே பார்த்துவிட்டு 'உனக்கு 22, கடுமையானது' என்கிறான். யார் சரி?
– வாசகர், ஓசூர்

உங்கள் ரூம்மேட்.

அந்தத் தாளின் பெயர் டாஸ்-21. ஆஸ்திரேலியாவில் 42 கேள்விகளோடு உருவானது. அதைப் பாதியாகச் சுருக்கி 21 ஆக்கினார்கள். ஆனால் அட்டவணை 42 கேள்விக்கானதுதான். அதனால் சுருக்கத் தாளில் கூட்டி வந்த எண்ணை இரண்டால் பெருக்கிய பிறகே அட்டவணையைப் பார்க்க வேண்டும். 11 இரண்டால் பெருகினால் 22. மனச்சோர்வுக்கு 10 முதல் 13 லேசானது, 14 முதல் 20 மிதமானது, 21 முதல் 27 கடுமையானது, 28க்கு மேல் மிகக் கடுமையானது. இந்தத் தாளில் அதிகம் நடக்கும் தப்பு இது. பெருக்க மறந்தவர் 'லேசுதான்' என்று வேலைக்குப் போய்விடுகிறார்.

அதே தாளில் படபடப்புக்கும் மன அழுத்தத்துக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. படபடப்புக்கு 8லேயே லேசானது தொடங்கிவிடும், மன அழுத்தத்துக்கு 15இல்தான் தொடங்கும். மூன்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண் சொல்லும் ஆப் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

டாஸ் கேட்பது கடந்த ஒரு வாரத்தை, பதினான்கு நாளை அல்ல. ஷிஃப்ட்காரர்களுக்கு இது முக்கியம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் போட்டதையும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூடிக் குறைந்துதான் இருக்கும். அது மனசு மாறியதாலா, தூக்கம் மாறியதாலா என்று பிரிக்க முடியாது. ஒரே ஷிஃப்டில், ஷிஃப்ட் மாறி நான்கைந்து நாள் ஆன பிறகு, வார விடுமுறை அன்று காலையில் போடுங்கள். மேலே தேதியோடு 'நைட்', 'ஃபர்ஸ்ட்' என்றும் எழுதுங்கள். படபடப்புப் பகுதியில் நெஞ்சு அடிப்பு, கை நடுக்கம் எல்லாம் கேட்கிறது. தூக்கத்தை விரட்ட ஒரு நைட்டுக்கு ஐந்தாறு டீ குடிப்பவருக்கு அதில் இரண்டு மூன்று மார்க் டீயே போட்டுவிடும்.

இன்னொரு குறையும் சொல்லிவிட வேண்டும். டாஸில் தூக்கம், பசி பற்றிய கேள்வி கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் அது நேரடியாகக் கேட்பதில்லை. அதனால் அந்தத் தாளில் குறைவாக வந்தது என்பதை வைத்து 'ஆபத்து இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் 22க்கு மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். லீவு கேட்கும்போது காரணத்தைக் கம்பெனியில் விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவர் சீட்டு போதும்.

*

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு இப்போது ஆறு வாரம். தானாக அழுகிறாள். பத்துக் கேள்வி உள்ள தாளை நானே படித்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சம்பந்தியம்மாவும் கூட இருந்தார்கள். 9 வந்தது. பிள்ளை பெற்றவள் அழுவது சகஜம்தானே?
– ஒரு தாய், பென்னாகரம்

அம்மா, தாள் சரியானதுதான், எழுதிய இடம் சரியில்லை. மாமியார் எதிரே உட்கார்ந்திருக்க, எந்தப் பெண் 'என்னால் சமாளிக்க முடியவில்லை' என்பாள்? அந்த 9ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உண்மையில் அதற்கு மேல் இருக்கலாம்.

எடின்பரோ தாள் என்று பெயர், 1987இல் வந்தது. பிரசவமான பெண்களுக்கென்றே செய்தது. மற்றத் தாள்களில் இருக்கும் அசதி, பசி கேள்விகளை இதில் வைக்கவில்லை. கைக்குழந்தைக்காரிக்கு அவை எப்படியும் இருக்கும். தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகூட 'மனவேதனையால் தூக்கம் வரவில்லையா' என்றுதான் கேட்கிறது. குழந்தை அழுது எழுப்பியதை அதில் சேர்க்கக் கூடாது. குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லையா என்று பாருங்கள், அதுதான் பதில்.

கூட்டுவதிலும் கவனம் வேண்டும். கேள்வி 1, 2, 4 மூன்றுக்கும் முதல் விடைக்கு 0, கடைசி விடைக்கு 3. மற்ற ஏழுக்கும் தலைகீழ்: முதல் விடைக்கு 3, கடைசிக்கு 0. எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் மார்க் போட்டால் மொத்தம் குழம்பிவிடும். இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். மொத்தம் 30. 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு இருக்க நிறைய வாய்ப்பு. 10இலிருந்தே மருத்துவரைப் பார்க்கச் சொல்வோரும் உண்டு. கடந்த ஏழு நாளை மட்டும் கேட்கும் தாள் இது. பத்தாவது கேள்வி, அரூர் வாசகருக்குச் சொன்ன அதே விஷயம். 0 இல்லையென்றால் மொத்தம் எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

பிள்ளை பெற்றவள் அழுவது சகஜம் என்பது முதல் இரண்டு வாரத்துக்குப் பொருந்தும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும், பத்துப் பதினைந்து நாளில் தானாக அடங்கும். உங்கள் மகளுக்கு ஆறு வாரம் ஆகிறது. இது அந்தக் கணக்கில் வராது.

தாளை அவள் கையில் கொடுத்து, தனி அறையில், அவளே படித்து டிக் அடிக்கட்டும். நீங்கள்கூட வெளியே குழந்தையை வைத்துக்கொண்டிருங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அதை நர்ஸிடம் கொடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கொடுக்கத் தக்க மாத்திரைகள் உண்டு, பாலை நிறுத்த வேண்டுமோ என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். ஆனால் இரண்டு நாளாகத் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிறாள், குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சொல்கிறாள் என்றால் தாள் எதுவும் வேண்டாம். காற்று சேஷ்டை என்று மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்கவும் வேண்டாம். 108.

*

அப்பாவுக்கு 74 வயது, படிக்கத் தெரியாது. வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். அம்மா போன பிறகு திண்ணையைவிட்டு எழுவதில்லை. தமிழ்த் தாளில் 'மனச்சோர்வு', 'ஆர்வமின்மை' என்று இருக்கிறது. அவருக்கு எப்படிக் கேட்பது?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

முதியவர்களுக்கென்று 15 கேள்வித் தாள் ஒன்று தனியாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'ஆமாம், இல்லை' என்பதே விடை. 0, 1, 2, 3 என்று யோசிக்கச் சொல்லிக் கிழவரைத் திணற அடிக்காது. வயதானால் வரும் மூட்டுவலி, தூக்கக் குறைவைப் பற்றியும் கேட்காது. 5க்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில கேள்விகளுக்கு 'இல்லை' என்பதற்குத்தான் மார்க். உதாரணமாக 'உங்கள் வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா?' என்பதற்கு 'இல்லை' என்றால் 1. அதைக் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, நீங்களாக உட்கார்ந்த இடத்தில் தெலுங்குக்கு மாற்றினால் கேள்வியின் எடை மாறிவிடும். 'ஆர்வமின்மை' என்பதை 'சோம்பேறித்தனம்' என்பதுபோல் கேட்டுவிட்டால், மானமுள்ள எந்தப் பெரியவரும் 'எனக்கு அதெல்லாம் இல்லை' என்பார். சோதித்துப் பார்த்த தெலுங்கு, கன்னடத் தாள்களை மனநலப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். கிடைக்கும்வரை தாளை ஓரம் வைத்துவிட்டு மூன்று விஷயத்தைப் பாருங்கள்: முன்பு செய்துகொண்டிருந்த எதை விட்டுவிட்டார் (மாட்டைப் பார்ப்பது, சந்தைக்குப் போவது, பேரனைக் கொஞ்சுவது), எப்போதிலிருந்து, வாரத்தில் எத்தனை நாள். இந்த மூன்றும் மருத்துவருக்கு எந்த எண்ணையும்விடப் பயன்படும்.

கேட்கும்போது ஒருவர் மட்டும் கேளுங்கள். 'அப்படியெல்லாம் இல்லைதானேப்பா?' என்று விடையை ஊட்டாதீர்கள். காது கேட்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வைத்த இடம் மறப்பது, நாள் கிழமை தெரியாமல் போவது எல்லாம் சேர்ந்திருந்தால் அவர் சொல்லும் ஆமாம், இல்லையை நம்பி மார்க் போட முடியாது. அது ஞாபக மறதி நோயா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அம்மா போய் எத்தனை மாதம் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. ஆனால் துக்கம் என்ற பெயரில் மாதக்கணக்காகச் சாப்பாட்டை ஒதுக்கி உடல் இளைக்கிறார் என்றால் காத்திருக்க வேண்டாம்.

*

உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்வித் தாளில் எனக்கு 36, தோழிக்கு 72. எனக்குக் குறைவு, அப்படியென்றால் நான் நலம்தானே?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

இல்லை, அந்தத் தாள் மட்டும் எதிர்த்திசை. அது நோயைக் கேட்கவில்லை, நலத்தைக் கேட்கிறது: சந்தோஷமாக இருந்தேன், அமைதியாக இருந்தேன், எழும்போது புத்துணர்வு இருந்தது என்று. கூட்டி நான்கால் பெருக்கினால் நூறுக்கு எவ்வளவு என்று வரும். அதிகம் வந்தால் நல்லது. 50 அல்லது அதற்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். உங்கள் 36க்கு அடுத்ததாக ஒன்பது கேள்வித் தாளைப் போட்டுப் பாருங்கள். தோழியோடு ஒப்பிட்டது வீண் வேலை. ஒப்பிடுவதென்றால் போன மாதத்து உங்களோடு ஒப்பிடுங்கள்.

*

தினமும் காலையில் ஒன்பது கேள்வியும் போட்டு நோட்டில் எழுதுகிறேன். ஒருநாள் 8, ஒருநாள் 11 என்று வருகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, காரிமங்கலம்

நிறுத்துங்கள். பதினான்கு நாளைப் பற்றிக் கேட்கும் தாள் அது. நேற்றுப் போட்டதற்கும் இன்று போட்டதற்கும் பதின்மூன்று நாள் பொது. அதற்குள் மூன்று மார்க் ஏறி இறங்குகிறது என்றால் மாறியது உங்கள் மனசு அல்ல, அன்றைக்குக் காலையில் நீங்கள் நினைவுபடுத்திக்கொண்ட விதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம் போதும். 5 மார்க் மாறினால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்வோம். சிகிச்சையில் இருப்பவர் மாதம் ஒருமுறை போடலாம். தொடக்க எண்ணில் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, 5க்குக் கீழ் வந்தால் நன்றாகத் தேறிவிட்டார். மாத்திரையின் பலன் தெரியவே சில வாரம் ஆகும், முதல் வாரத் தாளைப் பார்த்து மருந்தை நிறுத்தக் கூடாது.

தினமும் எதையாவது எழுதத்தான் வேண்டும் என்றால் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். கைபேசி எண்ணும் ஆதாரும் கேட்டுவிட்டு மார்க் காட்டும் ஆப்பில் எதையும் நிரப்ப வேண்டாம். வெள்ளைத் தாளும் பேனாவும் யாரிடமும் போய்ச் சொல்லாது.

*

வீட்டுக்காரர் பெங்களூருவில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வருகிறார். தாள் போட்டதில் 17. ஆனால் தினமும் குடிக்கிறார். குடியை நிறுத்தச் சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா?
– வாசகி, ஊத்தங்கரை

குடியே அந்த 17இல் ஒரு பங்கைப் போட்டிருக்கும். தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் மனசை இறக்கும், பசியைக் கொல்லும். எவ்வளவு பங்கு என்பது குடியை நிறுத்திச் சில வாரம் கழித்துத் தாளை மறுபடி போட்டால்தான் தெரியும். குடிக்கென்றே உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. மொத்தம் 40. 8இலிருந்தே ஆபத்தான குடி, 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் 'இன்றோடு நிறுத்து' என்று சத்தியம் வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, கண் எதிரே இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில், மருந்தோடு நிறுத்த வேண்டும். 17 என்பது பொறுத்துப் பார்க்கும் எண் அல்ல, அடுத்த முறை ஊருக்கு வரும்போதே கூட்டிப் போங்கள். குடித்திருக்கும்போது போட்ட தாளா, தெளிந்திருக்கும்போது போட்டதா என்பதையும் மேலே எழுதிவிடுங்கள்.

*

தாளை எடுத்துக்கொண்டு எங்கே போவது? போனால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன சொல்வது?
– வாசகர், பர்கூர்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்டார மருத்துவமனைகளுக்கும் வருகிறது. உங்கள் பக்கத்துக்கு எந்தக் கிழமை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் நம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் அந்தப் பெண் பணியாளரிடமும் விசாரிக்கலாம்.

ஐந்து நிமிடத்துக்கு அரைத் தாள் போதும். தேதி போட்ட இரண்டு கேள்வித்தாள்கள், இரண்டு வார இடைவெளியில் எடுத்தவை. எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு வரி. என்ன வேலை நின்றுபோனது என்று ஒரு வரி. சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு. குடும்பத்தில் யாருக்காவது மனநோய், தற்கொலை நடந்திருந்தால் அதுவும். இவற்றோடு தாள் எதுவும் கேட்காத ஒன்றை நீங்களாகச் சொல்ல வேண்டும்: எப்போதாவது தொடர்ந்து நாலைந்து நாள், தூக்கமே இல்லாமல், அசதியும் இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பேசிக்கொண்டும் செலவு செய்துகொண்டும் இருந்ததுண்டா? ஒன்பது கேள்வித் தாள் இறக்கத்தை மட்டும் பார்க்கும், ஏற்றத்தைப் பார்க்காது. ஏற்றமும் இறக்கமும் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஏற்றத்தைக் கிளப்பிவிடலாம். அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் எழுதுங்கள், உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.